எங்கே இருக்கிறீர்கள்?

ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்கு அந்தப் பெண்மணி கணினித் திரையில் தோன்றுவார். சுகம் விசாரித்து முடிந்ததும் அவருடைய முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

கலிபோர்னியாவில் மகளின் வீட்டில், பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் வெறிச்சோடிவிடும் சின்ன அறையில் இருக்கிறேன் என்பேன். வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் சொல்வேன். அவர் குறித்துக்கொள்வார். வெறும் சம்பிரதாயம் என்றுதான் முதலில் எண்ணினேன். இணையவழியில் சிகிச்சை தருபவர் ஒவ்வொரு தடவையும் மறுமுனையில் இருப்பவரின் முழுப்பெயரையும் இருப்பிடத்தையும் கேட்டறிய வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி என்று பிறகு தெரிந்தது. ஏதும் விபரீதம் நேர்ந்தால் உதவியை எந்த வாசலுக்கு அனுப்புவது?

அது 2022ஆம் ஆண்டு. மகளிடம் போய் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். நடுச்சாமத்தில் நான் எழும்பிக் கதவுகளைச் சோதிப்பதையும், குளியலறையில் தண்ணீர் நிரம்பும் சத்தத்துக்கே விறைத்துப் போவதையும் அவள் கண்டுகொண்டாள். "வாப்பா, ஒருக்காக் கதைச்சுத்தான் பாருங்களேன்" என்றாள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு மொழியைச் சாட்டாகச் சொல்லித் தப்பவும் வழியில்லை.

அவர் வைத்தியர் அல்லர். அனுமதிப்பத்திரம் பெற்ற மருத்துவச் சமூகப்பணியாளர். சமூகப்பணி என்றால் நமக்கு நிவாரணப் பொதியும் பெயர்ப்பட்டியலும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கோ சமூகப்பணியில் முதுமாணிப் பட்டம் பெற்று, மேற்பார்வையின் கீழ் 3000 மணித்தியாலம் பணியாற்றி, பரீட்சைகளிலும் தேறிய பிறகே அந்த அனுமதி கிடைக்கிறது. மருந்து எழுத அவருக்கு அதிகாரமில்லை. கேட்பதும் கதைப்பதுமே வைத்தியம். நான் சொல்வது வெளியே போகாது, உயிராபத்து, சிறுவர் துஷ்பிரயோகம் போன்ற சில நிலைமைகளில் மட்டும் அந்த வாக்கு மாறும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

2005இன் தொடக்கத்தில் மருதமுனையில் நாங்கள் தங்கியிருந்த முகாமுக்கும் உளவளத்துணை என்று சிலர் வந்தார்கள்தான். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பிள்ளைகளைக் கடல் வரையச் சொன்னார்கள். இரண்டு கிழமையில் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

ஏழாவது புதன்கிழமை. வழமையான கேள்வி. "மருதமுனையில்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் என்னைத் திருத்தவில்லை. "அங்கே என்ன நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மீன் வாங்க என்னோடு வந்த ஏழு வயதுக் கடைக்குட்டியின் கை என் இடக்கையில் இருந்தது. தண்ணீர் தூக்கியபோது வலக்கையால் ஒரு தென்னையைப் பிடித்தேன். பிறகு இரண்டு கையாலும் பிடித்தேன்.

அந்தப் 'பிறகை' நான் யாருக்கும் சொன்னதில்லை. அலை பறித்துக்கொண்டது என்றுதான் ஊருக்கும் மனைவிக்கும் சொல்லியிருந்தேன்.

உங்கள் பிழையல்ல என்று அவர் ஆறுதல் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் காத்திருந்தார். பின்பு பாதங்களைத் தரையில் ஊன்றச் சொல்லி, கண்ணில் படுவதையெல்லாம் சொல்லச் சொன்னார். யன்னல். தோடை மரம். பேரனின் ஒற்றைச் சப்பாத்து. "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று மறுபடியும் கேட்டார். பதினெட்டு வருடமாக என் உடம்பு ஓரிடத்திலும் நான் வேறிடத்திலுமாக இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பயணநாள் நெருங்கியபோது, இலங்கைக்குப் போனபின் தன்னால் தொடர முடியாது, தன் அனுமதி அந்த மாநிலத்துக்குரியது என்றார். எனக்குக் கோபம் வந்தது. குரல் கடல் தாண்டும்போது ஒரு பத்திரம் தாண்டாதா? யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எனக்கொன்று நேர்ந்தால் மருதமுனைக்கு அவர் யாரை அனுப்புவார்? நம் நாட்டிலும் 1926 என்ற உளநல உதவி இலக்கம் உண்டு. மகள் அதைத் தேடிக் குறித்துத் தந்தாள். கடைசி நாள் அவர் கேட்டார்: "இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க அங்கே யார் இருக்கிறார்?"

பதில் சொல்ல நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "இஞ்ச பாருங்க, எங்க இருக்கீங்க? சோறு ஆறுது." எத்தனை வருடமாகக் கேட்கிறாள் என் மனைவி!

ஊர் வந்த நாலாம் நாள், சுபஹுக்குப் பிறகு அவளிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு சொன்னாள்: "அவன் அண்டைக்கு வரமாட்டன் எண்டுதான் அழுதான். நான்தான் ஏசி உங்களோட அனுப்பின."

ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பூட்டைப் பூட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம்.

அடுத்த மாதம் இருவருமாக அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனோம். துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் காத்திருந்தபோது அவள் மகனுடைய பெயரைச் சொல்லி ஏதோ ஒரு குறும்பை நினைவுபடுத்தினாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டு எத்தனை காலம்! இருவரும் சிரித்தோம். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.