இலவம் பஞ்சில் இறங்கிய தூண்

டெல்லி கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது மணி இரண்டரை. ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது. போட்டி இரவு ஏழரைக்குத்தான். ஆனாலும் நடைபாதையில் அதற்குள் நீல ஜெர்சிகளைக் குவித்துக் கடை போட்டுவிட்டார்கள். டெல்லியில் எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது ஒரே ஒரு நாள். என் மனைவி கேட்டது கோட்லா மைதானம், நான் கேட்டது கோட்லா கோட்டை. இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

‘பெரோஸ் ஷா கோட்லா’ என்ற பெயரைக் கிரிக்கெட் வர்ணனையில் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கோட்லா என்றால் கோட்டை, உள்கோட்டை. பக்கத்திலிருக்கும் கோட்டையின் பெயரைத்தான் 1883-இல் உருவான அந்த மைதானம் சூட்டிக்கொண்டது. 2019-இல் அரங்கத்துக்கு அருண் ஜெட்லியின் பெயர் வைத்தார்கள். ஆனாலும் ஆட்டோக்காரரிடம் ‘கோட்லா’ என்று சொன்னால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுகிறார்.

கோட்டையைக் கட்டியவர் பெரோஸ் ஷா துக்ளக். தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றிய முகமது பின் துக்ளக்கின் சிற்றப்பன் மகன். சோ எழுதிய நாடகத்தால் நமக்கு முகமதுவைத் தெரியும். அவருக்குப் பின் 1351 முதல் 1388 வரை ஆண்ட பெரோஸை அவ்வளவாகத் தெரியாது. 1354-இல் யமுனைக் கரையில் அவர் எழுப்பிய பெரோசாபாத் நகரத்தின் உள்கோட்டைதான் இது. யமுனை பிறகு கிழக்கே விலகிப் போய்விட்டது. பெரோசாபாத்தின் கற்களைப் பெயர்த்துப் பின்னால் வந்தவர்கள் தங்கள் ஊர்களைக் கட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது கரடுமுரடான கல் சுவர்கள், பாதி மசூதி, வட்டமான ஒரு படிக்கிணறு. அவற்றுக்கு நடுவில், அடுக்கடுக்காக மேலே குறுகிப் போகும் மூன்று நிலைக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றைக் கல்தூண் நிற்கிறது. அசோகருடைய தூண்.

நாங்கள் போன அன்று மேலே ஏறும் வழி பூட்டியிருந்தது. கீழிருந்துதான் பார்த்தோம். சுற்றியுள்ள சுவரெல்லாம் வெயிலில் மங்கிக் கிடக்க, 2,200 ஆண்டுகளைத் தாண்டிய அந்தக் கல் மட்டும் எண்ணெய் தடவி வைத்ததுபோல் மின்னியது. “என்னங்க, இதை இப்பதான் பாலிஷ் போட்டாங்களா?” என்று மனைவி கேட்டாள். மௌரியர் காலத்து மெருகு அது. பெரோஸ் காலத்தில் இதைப் பொன்தூண் என்றே அழைத்திருக்கிறார்கள்.

தூண் இந்த இடத்துக்கு உரியதல்ல. இன்றைய ஹரியானாவில், இமயமலை அடிவாரத்தை ஒட்டிய தோப்ரா என்ற கிராமத்தில் நின்றது. உயரம் ஏறக்குறைய 13 மீட்டர், எடை ஏறக்குறைய 27 டன். மாடு மேய்க்கும்போது பீமன் ஊன்றிய தடி என்று அந்தப் பக்கத்து மக்கள் நம்பியிருக்கிறார்கள். பெரோஸ் அதைப் பார்த்தார், மயங்கினார், டெல்லிக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். அந்த வேலை நடந்தபோது ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் பன்னிரண்டு வயதுப் பையன். பிற்காலத்தில் தான் எழுதிய வரலாற்று நூலில் அதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இலவம் பஞ்சை மூட்டை மூட்டையாகக் கொண்டுவரச் சொன்னார் சுல்தான். தூணைச் சுற்றிப் பஞ்சு மெத்தை போட்டு, அடிமண்ணைத் தோண்டினார்கள். தூண் மெல்லச் சாய்ந்து பஞ்சின் மேல் படுத்தது. பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார்கள். சில நாட்கள் கழித்துத்தான் கல் தரையைத் தொட்டது. ஒரு கீறல் விழக்கூடாது என்று உச்சி முதல் அடி வரை நாணலாலும் பச்சைத் தோலாலும் சுற்றினார்கள். 42 சக்கரங்கள் கொண்ட வண்டி ஒன்றைச் செய்தார்கள். சக்கரத்துக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு 200 ஆட்கள். கணக்குப் போட்டால் 8,400 பேர். யமுனைக் கரைக்கு இழுத்து வந்து, பெரிய பெரிய தானியப் படகுகளில் ஏற்றி டெல்லி சேர்த்தார்கள். இங்கே நிறுத்தியபோதும் அதே பொறுமைதான். கட்டடத்தின் ஒரு நிலை எழும்ப எழும்ப, தூணையும் அந்த நிலைக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள்.

தேர் வடம் பிடிப்பவர்கள் நாம். ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் இழுத்தால் என்ன நகரும் என்பது நமக்குப் புதிதல்ல. என்னை அசைத்தது அந்தப் பஞ்சுதான். ஒரு கல்லைத் தூங்கும் குழந்தையைப்போல் படுக்க வைத்திருக்கிறார்கள். அதுவும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே! எழுத்தைப் படிக்கச் சொல்லி பெரோஸ் பண்டிதர்களை அழைத்தார். ஒருவராலும் முடியவில்லை. ‘பெரோஸ் என்றொரு அரசர் வரும்வரை இதை யாராலும் அசைக்க முடியாது’ என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொன்னார்களாம். பாவம், அரசர் கேட்கும்போது அவர்களும் என்னதான் செய்வார்கள்.

கல்வெட்டைப் படிக்க 1837 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சித் தூபியில் காணிக்கை கொடுத்தவர்களின் சிறு கல்வெட்டுகளில் ஒரே சொல் திரும்பத் திரும்ப முடிவில் வருவதைக் கவனித்தார். ‘தானம்’ என்ற சொல் அது. நாம் அன்றாடம் சொல்லும் அந்தச் சொல்தான் பிராமி எழுத்துகளின் பூட்டைத் திறந்தது. அதன் பிறகு இந்தத் தூண் பேசத் தொடங்கியது. சாலையோரம் நிழலுக்கு ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், கிணறு வெட்டினேன், தண்ணீர்ப் பந்தல் அமைத்தேன் என்று அசோகர் பட்டியல் போடுகிறார். அதைச் சொல்லும் ஏழாவது ஆணை முழுதாக இருப்பது இந்த ஒரு தூணில் மட்டும். அதன் கடைசியில், கல்தூணோ கற்பலகையோ எங்கே இருந்தாலும் இதைப் பொறியுங்கள், நெடுங்காலம் நிலைக்கட்டும் என்கிறார். மதுரையைச் சுற்றியுள்ள குகைகளின் தமிழி, அதாவது தமிழ் பிராமி, எழுத்துகளைப் பின்னால் வந்த அறிஞர்கள் படிக்க முடிந்ததற்கும் பிரின்செப் அன்று திறந்த கதவுதான் தொடக்கம்.

அசோகர் எழுதியதைச் சுல்தானால் படிக்க முடியவில்லை. ஆனால் அவர் காப்பாற்றினார். அவர் காப்பாற்றியதால்தான் பிரின்செப் படித்தார். புரிந்ததை மட்டுமே பாதுகாப்போம் என்று பெரோஸ் இருந்திருந்தால் அந்த ஏழாவது ஆணை நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அன்று வியாழக்கிழமை. கோட்லாவுக்கு வியாழன்தான் விசேஷம். தூணுக்கு அடியிலும் மசூதிக்குக் கீழேயும் உள்ள இருட்டறைகளில் ஜின்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. தூணில் இருப்பவருக்கு ‘லாட் வாலே பாபா’, தூண்காரச் சாமி என்று பெயர். ஒரு மாடத்துக்கு முன்னால் மனைவி நின்றுவிட்டாள். புகைக்கரி படிந்த சுவர். அகல் விளக்கு, ஊதுபத்தி, ரோஜா இதழ்கள். கல்லிடுக்குகளில் மடித்துச் செருகிய தாள்கள். எல்லாம் ஜின்களுக்கு எழுதிய மனுக்கள். பெயர், முகவரி, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் எல்லாம் வைத்து, ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நகல் வைக்கிறார்கள். இந்துக்களும் வருகிறார்கள், முஸ்லிம்களும் வருகிறார்கள். எழுபதுகளின் நெருக்கடி நிலைக்குப் பிறகு இந்த வழிபாடு பெருகியதாக ஆய்வாளர் ஆனந்த் விவேக் தனேஜா எழுதியிருக்கிறார். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தாளை நான்காக மடித்து, நெற்றியில் ஒற்றி, இடுக்கில் வைத்துவிட்டுச் சுவரில் கன்னத்தைச் சாய்த்தபடி வெகுநேரம் நின்றாள். நாங்கள் சத்தமில்லாமல் விலகி வந்தோம்.

மசூதியில் மேற்குச் சுவர்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. இன்னமும் தொழுகை நடக்கிறது. 1398-இல் தைமூர் இங்கே வந்தார். 1759-இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரைப் பெரியவர் ஒருவரைப் பார்க்கலாம் என்று சொல்லி இந்தக் கோட்டைக்கு அழைத்து வந்து கொன்றார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் நிற்கும் கூனி தர்வாஸா, அதாவது ரத்த வாசல், 1857-இல் ஹாட்சன் மூன்று முகலாய இளவரசர்களைச் சுட்டுக் கொன்ற இடம். அதைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு மைதானத்துக்கு நடந்தோம்.

மனைவிக்கு இந்த மைதானத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்பதைச் சொல்ல வேண்டும். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுமி அவள். இந்தியா 12 ரன்னில் தோற்றது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை எழுந்து நின்று கைதட்டியது, அவளும் அழுதுகொண்டே தட்டினாள். அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 7. கோட்லாவில் 420 ரன் இலக்கைத் துரத்திய பாகிஸ்தான் விக்கெட் இழப்பின்றி 101. அதன் பிறகு கும்ப்ளே ஒருவரே பத்து விக்கெட்டையும் எடுத்தார். 26.3 ஓவர், 74 ரன், 10 விக்கெட். பாகிஸ்தான் 207-க்கு ஆட்டமிழந்தது. 1956-இல் ஜிம் லேக்கருக்குப் பிறகு டெஸ்ட்டில் அதைச் செய்த அடுத்தவர் அவர்தான். “இங்கேதாங்க” என்று ஆடுகளத்தைக் காட்டினாள். அவள் குரல் கம்மியிருந்தது. சற்று முன்னால் தூணைக் காட்டியபோது என் குரலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

விளக்குகள் எரிந்தன. மட்டையில் பந்து பட்ட சத்தம், விறகு பிளப்பதுபோல, எங்கள் இருக்கை வரை கேட்டது. பக்கத்து இருக்கை இளைஞன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். வருடம் தவறாமல் போட்டிக்கு வருகிறவன். கோட்டைக்குள் போயிருக்கிறாயா என்று கேட்டேன். ஒருமுறைகூடப் போனதில்லை என்றான். கைப்பேசியில் இருந்த தூணின் படத்தைக் காட்டினேன். இரண்டு ஓவர் முடியும்வரை அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

டெல்லியில் போட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டி நாளன்று மூன்று மணிக்கே கோட்டைக்குப் போய்விடுங்கள், முடிந்தால் வியாழக்கிழமையாகப் பார்த்து. மாடங்களில் இருக்கும் தாள்களைத் தொடாதீர்கள். தூணை வெயில் சாயும் நேரத்தில் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். இருட்டிய பிறகு கோட்டைக்குள் விடமாட்டார்கள்.