பொறுமைக்கு வட்டி கட்டுவது யார்?

மன்னார்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் சிங்கப்பூர் உங்களுக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். கூரை போய் ஓடு வந்த வீடு, ஓடு போய் மாடி வந்த வீடு, மாடி பாதியில் நின்றுபோன வீடு என்று ஒரு தெருவைப் பார்த்தே எந்தப் பிள்ளைக்கு அங்கே நல்ல கம்பெனி வாய்த்தது, எவனுக்கு வாய்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். என்னுடையது ஓட்டோடு நின்றுவிட்ட வகை. நான் திரும்பி வந்து பல வருஷம் ஆகிறது. இருந்தாலும், தொழில் டெஸ்ட் அடித்துப் பாஸாகி, ஏஜெண்டிடம் பணம் கட்டி, கையில் ஐ.பி.ஏ. என்கிற அனுமதிக் கடிதம் வந்த பையன்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் என் திண்ணைக்கு ஒரு நடை வந்துவிடுவார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவசரப்படாமல் படிப்பேன். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லாததால் நான் சட்டம் தெரிந்தவன் ஆகிவிட்டேன்.

பொறுமையைப் பற்றிச் சொன்னால் ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது டாமிட்டரியில் எனக்குப் பட்டப்பெயரே 'பொறுமை அண்ணன்'. சம்பளம் பத்து நாள் தள்ளிப் போகும், ஓவர்டைம் கணக்கில் நாலு மணி நேரம் காணாமல் போகும். கொதித்துக்கொண்டு வருகிற பையனை உட்காரவைத்து, டீயை ஆற்றிக் கொடுத்து, "பொறுத்தார் பூமி ஆள்வார்டா தம்பி" என்பேன். பூமியை ஆண்ட எவரையும் அந்த டாமிட்டரியில் நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனி ஆபீஸ் பீரோவில் இருந்தது. நம்மிடம் இருந்தால் தொலைந்துவிடும், அங்கே பத்திரமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டோம். வேலையாளின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது இன்றைக்கு அந்த நாட்டில் குற்றம். வேலை கொடுப்பதற்காக ஆளிடம் பணம் வாங்குவதும் குற்றம். இதையெல்லாம் அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவருக்கும் ஒரு டீ ஆற்றிக் கொடுத்திருப்பேன்.

அங்கே வேலை பெர்மிட் என்பது ஆளுக்குக் கொடுக்கிற அனுமதி மாதிரி தெரியும். உண்மையில் அது ஓர் ஆளையும் ஒரு முதலாளியையும் சேர்த்து முடிந்து வைப்பது. அந்த முதலாளியிடம், அந்தத் தொழிலில் மட்டும்தான் வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறோம் என்று பக்கத்து சைட்டில் போய் நாலு மூட்டை தூக்கினால் அது சட்ட விரோதம். நீளக் கயிற்றில் முளையடித்துக் கட்டிய மாடு மாதிரி. மேயலாம், ஆனால் முளை எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான். முதலாளிக்கும் கட்டு இல்லாமல் இல்லை. மாதாமாதம் அரசாங்கத்துக்கு லெவி என்கிற தீர்வை கட்டுகிறார். மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஆளுக்கும் 5,000 சிங்கப்பூர் வெள்ளி ஜாமீன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆள் காணாமல் போனால் அது பறிபோகலாம். அதனால் ஒருவன் புகார் என்று வாயைத் திறந்தால், டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான் சில பேருக்கு முதலில் தோன்றும். பெர்மிட்டை ரத்து செய்வதும் அவர் கையில்தானே இருக்கிறது? கட்டுமான வேலையில் பெர்மிட் முடிவதற்கு 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் வரைக்கும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த நாட்களில் புது முதலாளி ஒருவர், பழையவர் சம்மதம் இல்லாமலே, அந்த ஆளுக்காக விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் மறுபடியும் அதே கம்பெனியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐ.பி.ஏ.யில் எல்லாம் எழுதியிருக்கும். மனிதவள அமைச்சு கொடுக்கும் முன் அனுமதிக் கடிதம் அது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஆளுக்குப் புரிகிற மொழியில் அது கைக்கு வந்தாக வேண்டும். நம் ஆட்களுக்குத் தமிழிலேயே வரும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். பையன்கள் அதில் பார்ப்பது பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும்தான். சம்பளத்தை ஏஜெண்ட் வாயால் சொல்லியிருப்பார், அதுவே போதும் அவர்களுக்கு. போய் இறங்கியதும் கம்பெனி வேறொரு ஒப்பந்தத்தை நீட்டும், அதில் தொகை குறைவாக இருக்கும், இவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். 2017இல் ஒரு சீனத் தொழிலாளியின் வழக்கில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. ஐ.பி.ஏ.யில் இருக்கிற அடிப்படைச் சம்பளத்தையே சம்பளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்; அது இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். முகம் தெரியாத அந்தச் சீனத்து மனிதரை நான் சில சமயம் நினைத்துக்கொள்வேன். அவர் ஒரு ஆள் விடாமல் நின்றதில் நம் தெருப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

என் தங்கை மகனுக்கு 2018இல் அடிபட்டது. பலகை அடைப்பு வேலை. மேலேயிருந்து வந்த இரும்புக் குழாய் இடது கையில் விழுந்து இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. கம்பெனி லாரியில் ஏற்றி, கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), பிறகு லைட் டியூட்டி என்று சீட்டு வந்தது. நசுங்கிய விரலுக்கு இரண்டு நாளில் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்துச் சட்டத்தில் மூன்று நாளைத் தாண்டி எம்சி போனால் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே பல காயங்கள் இரண்டு நாளில் ஆறிவிடும்! 2020 செப்டம்பரிலிருந்து ஒரு நாள் எம்சி ஆனாலும், லைட் டியூட்டி ஆனாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்.

சூப்பர்வைசர் அவனிடம், "ரூம்ல விழுந்துட்டேன்னு சொல்லிடு, கம்பெனி பாத்துக்கும்" என்றிருக்கிறார். அவனும் சரி என்றே இருந்திருப்பான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பங்களாதேஷ்காரர்தான் அவனை இரவோடு இரவாக அரசாங்க ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் கூட்டிப் போனார். டாக்சிக் காசும் அவருடையது. அங்கே டாக்டர் கையைப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை என்றார், எம்சி வாரக்கணக்கில் எழுதினார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சைட்டில் பழகிய நாலு மலாய் வார்த்தை, கொஞ்சம் இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு அவர் இவனுக்கு முன்பே ஒரு பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்திருந்தார்: தினமும் வேலை முடிந்ததும் டைம் கார்டைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது. அந்தப் படங்கள் பிற்பாடு எவ்வளவு பணம் பெற்றுத் தந்தன என்று சொல்கிறேன்.

அங்கே வேலைக் காயத்துக்கு இழப்பீடு தருகிற சட்டம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். தப்பு யார் மேல் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் அடிபட்டது என்றால் போதும். மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு. எம்சியில் இருக்கிற நாளுக்கும் சம்பளம் உண்டு: ஆஸ்பத்திரியில் சேராதவருக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், சேர்ந்தவருக்கு 60 நாள், அதற்குமேல் ஒரு வருஷம் வரைக்கும் மூன்றில் இரண்டு பங்கு. உறுப்புக்கு நிரந்தரக் குறை ஏற்பட்டால் தனியாக ஒரு தொகை. பெர்மிட் ரத்தாகிவிட்டாலும் கேட்கலாம். ஆனால் விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும். சம்பளப் பாக்கி என்றால் கெடு இன்னும் குறைவு, வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். "ஊருக்கு வந்து ஆற அமர கேட்டுக்கலாம் மாமா" என்று சொல்கிற பையன்களுக்கு இதைத்தான் இரண்டு தரம் படித்துக் காட்டுகிறேன்.

என் தங்கை மகனுக்கும் கம்பெனி ஊருக்கு டிக்கெட் போட்டது. இவன் ஏற மாட்டேன் என்று நின்றான். அதற்குப் பிறகு பெர்மிட் போய், ஸ்பெஷல் பாஸ் என்று ஒரு காகிதம் கையில் வந்தது. வழக்கு முடியும் வரை நாட்டில் இருக்கலாம், வேலை செய்யக்கூடாது. சோறும் தங்குமிடமும் பழைய முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சண்டை போட்ட வீட்டில் எவன் போய்த் தட்டை நீட்டுவான்? லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல் மாடியில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டான். அவன் பங்கு வாடகையைப் புதுக்கோட்டைப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து கொடுத்தார்கள். டி.டபிள்யூ.சி.2 என்கிற தொண்டு அமைப்பு 2008இலிருந்து அந்தப் பகுதியில் இவனைப் போல வேலையில்லாமல் நிற்கும் தொழிலாளிகளுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. அங்கே சாப்பிட்டான். என் தங்கையிடம் மட்டும் லைட் டியூட்டியில் இருப்பதாகச் சொல்லிவைத்தோம்.

ஒவ்வொரு ராத்திரியும் போன் பண்ணுவான். நானும் பழைய டாமிட்டரி வழக்கத்தில், "பொறுமையா இரு மாப்ள, சட்டம் உன் பக்கம் இருக்கு" என்பேன். ஒரு நாள் கேட்டான்:

"இருக்கேன் மாமா. அம்மா நகை பேங்க்ல இருக்கு, ஏஜெண்டுக்குக் கட்டினது கந்துவட்டி. என் பொறுமைக்கு யாரு மாமா வட்டி கட்டுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

நான் பொறுமையாக இருந்த காலத்தில் எனக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. தாமதமாக வந்தாலும் வந்தது. வயிறு நிறைந்தவன் பொறுமை அது. அடிபட்ட கையோடு, வேலை செய்ய அனுமதி இல்லாமல், கடன் வளர்கிற ஊரைப் போனில் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது. விமான நிலையத்தில் கம்பெனி கொடுத்த சொற்ப வெள்ளியை வாங்கிக்கொண்டு, "வேறு கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களை அவசரக்காரர்கள் என்று ஊரில் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். மாதம் இவ்வளவு வட்டி, காத்திருந்தால் இவ்வளவு வரலாம், வராமலும் போகலாம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறார்கள். சட்டம் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை வாங்கும் வரைக்குமான செலவை ஏழையின் தலையிலேயே விட்டுவிடுகிறது. வழக்கு நடக்கும்போது சில பேருக்குத் தற்காலிகமாக வேலை செய்ய அனுமதி கிடைக்கிறது, சம்பள மோசடி உண்மை என்றால் வேறு முதலாளியிடம் போகவும் விடுகிறார்கள். அது சில பேருக்குச் சலுகையாக இல்லாமல் எல்லாருக்கும் நடைமுறையாக இருந்தால் டிக்கெட்டைக் காட்டி மிரட்டுகிறவர்கள் பாதி அடங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

டைம் கார்டு விஷயம். இழப்பீட்டை விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அதில் ஓவர்டைமும் சேரும். கம்பெனி அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டியது. இவன் போனில் ஒவ்வொரு நாளும் இருந்தது. அடுத்த வருஷம் தொகை வந்தபோது, அதில் ஒரு நல்ல பங்கு அந்தப் படங்களால் வந்தது. கந்துவட்டிக்காரர் முதலில், பேங்க் நகை அடுத்து. புதுக்கோட்டைப் பையன்கள் வாடகைக் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பங்களாதேஷ்காரர் டாக்சிக் காசை வாங்க மறுத்து, அதற்குப் பதிலாக முஸ்தபா கடையில் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தரச் சொன்னாராம். அது டாக்சியைவிட விலை அதிகம். இவன் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். இப்போது ஊரில் மினி லாரி ஓட்டுகிறான்.

இனி நம் நாட்டுச் சட்டம். மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களில், பத்தாவது தேறாமல் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி நம் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதாவது சிங்கப்பூர் போகிற பையனின் ஒப்பந்தத்தை இங்கே படித்துப் பார்க்க எந்த அதிகாரிக்கும் கடமை இல்லை. என் திண்ணைக்கு ஏன் கூட்டம் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

வருகிறவர்கள் ஓவர்டைம் எவ்வளவு வரும் என்று கேட்கிறார்கள். ஒன்றரை மடங்கு என்று சொல்கிறேன். பிறகு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "நீ ஒரு ஆறு மாசம் காசு அனுப்பலேன்னா வீடு எதை வச்சு ஓடும்?" போன மாதம் ஒரு பையனின் அப்பாவுக்கு இதில் கோபம் வந்துவிட்டது. "போற புள்ளைக்கிட்ட என்னண்ணே அபசகுனமா?" என்று பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தனியாக வந்தார். ஐ.பி.ஏ.யை ஜெராக்ஸ் எடுத்து மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார், வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று. வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் பக்கத்தை மட்டும் எடுத்திருந்தார். இங்கிலீஷ் பக்கத்தையும் எடுத்துவரச் சொல்லி, கடை சாத்துவதற்குள் போகச் சொன்னேன்.