சாம்பலுக்கு முந்தைய சேன் பியேர்

கரீபியன் தீவான மார்த்தினிக்கில், சேன் பியேர் நகருக்கு வரும் பயணிகள் தேடிப் போகும் இடங்களில் முக்கியமானது ஒரு சிறைக்கொட்டடி. 1902 மே 8 காலை எட்டு மணியளவில் பெலே எரிமலையிலிருந்து பாய்ந்த கொதிவாயுவும் சாம்பலும் சில நிமிடங்களில் நகரை அழித்தன. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். கொட்டடிக்குள் கிடந்த கைதி சிபாரிஸ் தீக்காயங்களோடு பிழைத்தார். பிறகு அமெரிக்க சர்க்கஸ் ஒன்று அவரை ஊர் ஊராகக் காட்டியது. 'தப்பியவர் ஒரே ஒருவர்' என்ற கதையும் கூடவே ஊர் சுற்றியது. உண்மையில் கோம்பேர் லெயாந்த்ர் என்ற செருப்புத் தொழிலாளியும் உயிர் தப்பினார். இந்த அற்புதக் கதையில் லயிப்பவர்களுக்கு, அழிந்துபோன நகரம் எப்படிப்பட்டது என்று கேட்கத் தோன்றுவதில்லை. இடிபாடுகள் சொல்வதோ அதைத்தான்.

கொட்டடிக்குப் பக்கத்திலேயே 1786இல் கட்டிய நாடக அரங்கின் மிச்சம் இருக்கிறது. பிரான்சின் போர்தோ நகரத்துப் பெரிய அரங்கை முன்மாதிரியாகக் கொண்டது அது. இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் கல் படிக்கட்டு இன்னும் நிற்கிறது. மேலே கூரை இல்லை, மேடை இருந்த இடத்தில் அடித்தளம் மட்டுமே. சர்க்கரையும் ரம்மும் கொண்டுவந்த பணத்தில் செழித்த இந்த ஊரில், அரங்கினுள் யார் எங்கே உட்காருவது என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது. அங்கிருந்து சிறைப்பக்கம் பார்த்தால் கொட்டடி தெரியும்: வளைந்த கல் கூரை, கனத்த சுவர், காற்றுக்குச் சிறு திறப்பு. மனிதனை வெளிச்சத்திலிருந்து ஒதுக்கிவைக்கப் போட்ட கனம்தான் அன்று நெருப்பைத் தடுத்தது. இசை நாடகமும் இருட்டறையும் ஒரே சமூகத்தின் தேவைகளாக இருந்ததற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. 1848 மே 22 அன்று இந்த ஊரில் மூண்ட அடிமைகளின் எழுச்சியை அடுத்துத்தான், தீவில் அடிமைமுறை ஒழிந்ததாக ஆளுநர் மறுநாளே அறிவிக்க நேர்ந்தது. ஐந்தே ஆண்டில், 1853இல், தோட்டங்களின் ஆள் பஞ்சத்தைத் தீர்க்கப் புதுச்சேரிப் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் இங்கே வந்து சேர்ந்தது.

எரிமலை சீறியதற்கும் சர்க்கரைப் பொருளாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலைச்சரிவில் அதிவேகமாகப் பாயும் கொதிமேகத்தை அறிவியல் சரியாகப் புரிந்துகொண்டதே இந்தப் பேரழிவுக்குப் பின், அல்ஃப்ரெத் லக்ருவாவின் ஆய்வால்தான். மே 11 தேர்தலுக்காக அதிகாரிகள் மக்களை வேண்டுமென்றே நிறுத்திவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. ஆளுநர் மூத்தேயே அந்த ஊரில்தான் செத்தார். ஆனால் அறியாமை மட்டுமே காரணம் என்று விட்டுவிடவும் முடியாது. மே 5 அன்று சேற்று வெள்ளம் கெரின் சர்க்கரை ஆலையை ஆட்களோடு விழுங்கியது. அதற்குப் பிறகும், பள்ளத்தாக்குகள் நகரைக் காக்கும் என்று ஆளுநர் அமைத்த குழு மே 7 அன்று உறுதி சொன்னது. அதே நாளில் 'ஒர்சொலீனா' என்ற இத்தாலியக் கப்பலின் கேப்டன், துறைமுக அனுமதி இல்லாமலே, சரக்கு ஏற்றி முடிக்காமலே கிளம்பிவிட்டார். வெசூவியஸ் மலையடிவார ஊர்க்காரருக்குப் புகையைப் பார்த்ததும் புரிந்தது. அவருக்குக் கப்பல் இருந்தது. கிராமங்களை விட்டு ஓடிவந்த ஏழைகளுக்கோ நகரமே புகலிடம்; அங்கே வந்து குவிந்தவர்கள் அங்கேயே மடிந்தார்கள்.

இன்று விரிகுடாவில் மூழ்கிக் கிடக்கும் 'ரொரைமா' போன்ற கப்பல்களைப் பார்க்க முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். கடற்கரையும் ரம் ஆலையும் பார்த்துத் திரும்புகிறார்கள். 2023இல் பெலே மலைப்பகுதி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, கூட்டம் இன்னும் கூடும். வரட்டும், ஊருக்குப் பிழைப்பு அது. ஆனால் சிபாரிஸின் கொட்டடியோடு அவர்கள் நின்றுவிடக் கூடாது. 2019இல் புதுப்பித்துத் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில், இறந்தவர்களில் அடையாளம் தெரிந்த ஏழாயிரம் பேர் வரை பெயர் பொறித்திருக்கிறார்கள். மீதி இருபதாயிரம் பேருக்கு மேல் இன்னும் பெயர் கிடைக்கவில்லை.