எம்.ஓ. 1: ஒரு ஃபோம் மெத்தை

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டபோது அதில் 304-ஏ என்ற பிரிவு கிடையாது. பத்து ஆண்டு கழித்து, 1870இல்தான் சேர்த்தார்கள். கொல்லும் எண்ணம் இல்லாமல், முரட்டுத்தனத்தாலோ கவனக்குறைவாலோ ஒரு சாவுக்குக் காரணமானவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிகளிலிருந்து வரும் வழக்குகளை நடத்துகிற எங்களுக்கு 304-ஏ என்றாலே கன்டெய்னர் லாரிதான் நினைவுக்கு வரும். டிரெய்லரின் பின்சக்கரம், தலைக்கவசம் இல்லாத பையன், பிரேக் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை என்று கட்டுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அந்தக் கட்டுகளுக்கு நடுவில் ஒன்றில் மட்டும் வாகனம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு தாய். இறந்தது அவர் பெற்று மூன்று வாரம்கூட ஆகாத பெண் குழந்தை. சான்றுப் பொருள் ஒன்று, அதாவது எம்.ஓ. 1, என்று குறித்திருந்தது ஒரு மெத்தை.

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் கரையைக் கடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களுக்காக எர்ணாவூரில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், மேல்மாடியில் அவர்கள் வீடு. இருந்தது ஒரே அறை, ஒரு ஓரமாக அடுப்படி. புயலில் ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்களுக்கு 2015 முதல் கொடுத்துவந்த அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கு ஒரு சின்னப் படுக்கையும் கொசுவலையும் இருந்தன. அவையும் பாயும் ஜமக்காளமும் நனைந்து நாற்றமெடுத்து மாடிச் சுவரில் தொங்கின. கரண்ட் வரவில்லை, அதனால் ஃபேன் ஓடவில்லை, தண்ணீர் தேங்கியதில் கொசு வேறு. பக்கத்து வீட்டார் இரக்கப்பட்டுக் கொடுத்த பழைய ஃபோம் மெத்தையைக் கட்டிலில் போட்டு, அதில் குழந்தையைக் கிடத்தி, உருண்டு விழாமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்து, மூத்தவளை அணைத்தபடி அந்தப் பெண்ணும் படுத்தார். கணவர் படகுக்கு என்ன ஆனது என்று பார்க்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தார். விடியற்காலையில் பால் கொடுக்க எடுத்தபோது குழந்தையிடம் அசைவில்லை.

இயற்கைக்கு மாறான சாவு என்று தோன்றினால் அப்போதிருந்த குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி காவல் அதிகாரி அந்த இடத்துக்கே போய், ஊரார் இரண்டு பேருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, சாவுக்கு வெளிப்படையான காரணம் என்ன என்று எழுத வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அந்த விசாரணையின் எல்லை. யார் குற்றவாளி என்று முடிவு செய்வது அதன் வேலை இல்லை. ஆனால் இறந்தது பெண் குழந்தை, அதுவும் இரண்டாவது பெண் என்றதும் கேள்விகளின் திசை மாறிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலைகள் வெளியே வந்தன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை வந்தது. காவல் துறை இந்த விஷயத்தில் விழிப்பாக இருப்பது சரி, இருக்கத்தான் வேண்டும். ஆனால் சில ஊர்களில் சில குடும்பங்கள் செய்த கொடுமை, வேறொரு ஊரில் பிள்ளையை இழந்து நிற்கும் பெண்ணுக்கு எதிரான சாட்சியமாகிவிடக் கூடாது. ‘ரெண்டாவதும் பொண்ணா பொறந்துச்சுன்னு வீட்ல வருத்தமா?’ என்ற கேள்வியை அவரிடம் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். கொலை என்று மாற்ற ஆதாரம் கிடைக்காததால் பிரிவு 304-ஏ என்று மாறியது. சந்தேகம் தீர்ந்ததால் அல்ல, தீராததால் வந்த வழக்கு அது.

மருத்துவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மூச்சுத் தடையால் மரணம் என்று எழுதியிருந்தார். உடலில் காயமில்லை. உள்ளுறுப்புகளை மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியதில் விஷம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நுரையீரலின் மேல்பரப்பில் சிறுசிறு ரத்தப் புள்ளிகள் இருந்தன என்பதுதான் அவர் முடிவுக்கு ஆதாரம். தாயின் வழக்கறிஞராகக் குறுக்கு விசாரணையில் நான் அதிகம் கேட்கவில்லை. காரணமே கண்டுபிடிக்க முடியாமல் தூக்கத்தில் இறக்கும் குழந்தைகளிடமும் அந்தப் புள்ளிகள் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார். மெத்தையிலோ தலையணையிலோ முகம் புதைந்து இறந்த குழந்தையையும், அப்படிக் காரணம் தெரியாமல் இறந்த குழந்தையையும் பரிசோதனை மேசையில் வேறுபடுத்த முடியுமா என்று கேட்டேன். சற்று யோசித்து, பெரும்பாலும் முடியாது என்றார். நேர்மையான மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற நிபுணர் சாட்சி கிடைப்பது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்குப் பெரிய பேறு.

அப்படிச் சொல்லாத நிபுணரால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு இருக்கிறது. அவரே ஒரு வழக்கறிஞர். அவருடைய இரண்டு ஆண் குழந்தைகள் 1996இலும் 1998இலும் இறந்தன. ஒரே வீட்டில் இப்படி இரண்டு சாவு இயற்கையாக நிகழ ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று ராய் மெடோ என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். 1999இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு சாவுக்கான வாய்ப்பை அதே எண்ணால் பெருக்கிச் சொன்ன அந்தக் கணக்கே தவறு என்று அங்குள்ள அரச புள்ளியியல் கழகம் 2001இல் வெளிப்படையாகச் சொன்னது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டிய ஆய்வு முடிவுகள் நீதிமன்றத்துக்கே வராமல் போனதும் தெரிந்தது. 2003இல் விடுதலையானார், 2007இல் இறந்துபோனார். அவரை விடுவித்த தீர்ப்பை நான் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தேன். நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல என்று தெரியும். ஆனாலும் நடுவர் படிக்க வேண்டும் என்று விரும்பினேன், படித்தார்.

மெத்தையைக் காவலர் ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு வந்து நீதிமன்ற மேசை மேல் விரித்தார். நீலப் பூப்போட்ட உறை, ஓரத்தில் அரக்கு முத்திரையோடு தொங்கிய அட்டை. நடுவில் பல வருஷம் ஆள் படுத்த பள்ளம். நடுவர் எழுந்து வந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கையை எடுத்த பிறகும் பள்ளம் நிரம்ப நேரமானது. அரசு வழக்கறிஞர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். இவ்வளவு மெத்தென்ற படுக்கையில், அதுவும் பக்கத்தில் தலையணைகளோடு, பச்சைக் குழந்தையைப் போட்டால் மூச்சு முட்டும் என்று எந்தத் தாய்க்கும் தெரியாதா என்று கேட்டார்.

தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்குமானால், அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பது என் வாதம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய, பிறந்த குழந்தைக்கென்றே விற்கிற ஒரு ‘பேபி பெட்’டை எடுத்துப் போயிருந்தேன். பஞ்சு திணித்த மெத்தை, ஒரு தலையணை, இரண்டு பக்கமும் அணைவாக வைக்க உருளைத் திண்டு. குழந்தை பார்க்கப் போகிற சொந்தக்காரர்கள் ஆசையாக வாங்கிப் போவது இதைத்தான். என் கட்சிக்காரர் செய்தது, கடையில் கிடைப்பதை வீட்டில் இருந்ததை வைத்து அப்படியே செய்ததுதான். கடையில் பரிசாக விற்கிற ஏற்பாடு, ஏழை வீட்டுக் கட்டிலில் மட்டும் எப்படிக் குற்றமாகும்? அறிவியலே இந்த விஷயத்தில் வெகுகாலம் தடுமாறியிருக்கிறது. உலகமெங்கும் விற்ற டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் ஐம்பதுகளிலிருந்து பல பதிப்புகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரச்சாரம் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும்தான் தொடங்கியது. அதன் பிறகு இத்தகைய சாவுகள் பாதிக்கும் கீழே போயின. அதாவது, அதுவரை அங்கே எத்தனையோ படித்த தாய்மார்கள் டாக்டர் சொன்னபடி செய்தே பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். அவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

சட்டத்தில் எனக்குத் துணை நின்றது ஒரு தொழிற்சாலை வழக்கு. பம்பாயில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். குர்பான் உசேன் என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஒரு செயல் நடக்காவிட்டால் சாவு நேர்ந்திருக்காது என்பது மட்டும் போதாது, அந்தச் செயலே சாவை நேரடியாக விளைவித்த காரணமாக இருக்க வேண்டும். எங்கள் வழக்கில் மெத்தைதான் காரணம் என்று மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லை. அப்படியே அது காரணம் என்றாலும், அந்த மெத்தைக்கு முன்னால் நனைந்த பாயும், அதற்கு முன்னால் உடைந்த ஜன்னலும் இருக்கின்றன. கவனக்குறைவு என்றால் நல்ல வழி ஒன்று கையில் இருந்தும் அதை விட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒரு முறைதான் குரலை உயர்த்தினார். ‘தரையெல்லாம் தண்ணி சார். வேற எங்க போடுவேன் புள்ளைய?’

அந்த அறையில் இரவு நடந்தது தாய்க்கு மட்டுமே தெரியும், ஆகவே அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி விளக்கம் சொல்ல வேண்டியவர் அவரே என்றும் அரசுத் தரப்பு வாதிட்டது. ஒருவர் மட்டுமே அறிந்த உண்மையை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதுதானே அரசின் கதையே! தூங்கியவருக்குத் தனியாக என்ன தெரிந்திருக்கும்? அரசு நிரூபிக்க வேண்டியதை இந்தப் பிரிவைக் காட்டிக் கைமாற்ற முடியாது என்று 1956இலேயே உச்ச நீதிமன்றம் சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் சொல்லிவிட்டது.

ஆங்கிலேயரின் சட்டத்திலும் தேடினேன். பக்கத்தில் படுத்த குழந்தை மூச்சுத் திணறி இறப்பதைப் பற்றி அவர்கள் 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். உடன் படுத்த பெரியவர் குடிபோதையில் இருந்திருந்தால்தான் அது குற்றம். குடிக்காத தாயின் அயர்ந்த தூக்கத்தை அவர்கள் குற்றமாக்கவில்லை. பைபிளில் சாலமோன் ராஜா தீர்த்த வழக்கும் இப்படித் தூக்கத்தில் தாய் மேலே படுத்ததால் இறந்த ஒரு குழந்தையிலிருந்துதான் தொடங்குகிறது. இன்னொருத்தியின் பிள்ளையை எடுத்துக்கொண்டதுதான் அங்கே வழக்கு, தூங்கியது அல்ல.

இரண்டு ஆண்டுக்கு மிகாத தண்டனை உள்ள வழக்குகளில், விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கோரும் கட்டம் அப்போது இல்லை. ஆதாரம் எவ்வளவு நைந்திருந்தாலும் முழு விசாரணையையும் கடந்தே ஆக வேண்டும். ஒரே ஒரு சிறு கதவு இருந்தது. போலீஸ் அறிக்கையில் தொடங்கிய இத்தகைய வழக்கை, காரணத்தை எழுதிவைத்து எந்தக் கட்டத்திலும் நிறுத்த குற்ற நடைமுறைச் சட்டத்தின் 258ஆம் பிரிவு நடுவருக்கு அதிகாரம் தந்தது. முக்கிய சாட்சிகளை விசாரித்த பிறகு நிறுத்தினால் அது விடுதலைத் தீர்ப்பாகவே ஆகும். யாரும் எளிதில் தொடாத பிரிவு அது. 2019இல் நடுவர் அதைப் பயன்படுத்தினார். அதற்குள் அந்தப் பெண் வாய்தாவுக்கு வாய்தா வந்து நின்று, மூன்றாவது குழந்தையையும் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். நிறைமாதத்தில் கூண்டில் நின்றவருக்கு ஸ்டூல் போடச் சொன்னவரும் அதே நடுவர்தான்.

தீர்ப்பு வந்த அன்று அவர் என்னிடம் நன்றி சொல்லவில்லை. ‘இத எங்க சார் படுக்க வெக்கிறது?’ என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டார். இத்தனை வருஷ வழக்கில் அதற்குப் பதில் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் காகிதத்தில் எழுதாமல், மேசை மேல் ஒரு துணியை விரித்தே காட்டினார். கையால் அழுத்தினால் பள்ளம் விழாத, சமமான படுக்கை. பாய் மேல் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினாலே போதும். எப்போதும் மல்லாக்க. தலையணை, திண்டு, பொம்மை, கனத்த போர்வை எதுவும் கூடாது. தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணையும் வேண்டாம். கொசுவலை முகத்தில் படாமல் விறைப்பாக நிற்க வேண்டும். தாய் இருக்கும் அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில். குழந்தை இருக்கும் இடத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 304-ஏ இப்போது 106(1). தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. முன்பு அபராதம் மட்டும் விதித்துக்கூட முடிக்கலாம், இப்போது சிறையோடு அபராதமும் சேர்ந்தே வரும். சிகிச்சையின்போது கவனக்குறைவு செய்த மருத்துவருக்கு மட்டும் பழைய இரண்டு ஆண்டு உச்சவரம்பை வைத்திருக்கிறார்கள். படித்துப் பயிற்சி பெற்றவருக்கு இரண்டு, யாரும் எதுவும் சொல்லித்தராத தாய்க்கு ஐந்து என்பது எனக்கு எந்த விதத்திலும் நியாயமாகப் படவில்லை. தண்டனை கூடியதில் ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது. வழக்கின் வகை மாறிவிட்டதால், விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கோரி மனுப் போடலாம். ஆவண நகல்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் போட வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 262ஆம் பிரிவு சொல்கிறது. இப்படி ஒரு கட்டோடு வரும் இளம் வழக்கறிஞர்களிடம் நான் முதலில் கேட்பது, நகல் எந்தத் தேதியில் கிடைத்தது என்பதைத்தான்.