சவப்பெட்டியில் எழுதிய பெயர்

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, ஜாக் த ரிப்பர் யாருன்னு இன்னும் கண்டுபிடிக்கலையாம்" என்றாள். 1888-ல் லண்டனின் கிழக்குப் பகுதியில் பெண்களைக் கொன்றவன். "அவன் கிடக்கட்டும், செத்தவங்க யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். ஐந்து பெயர்களைப் படித்துக் காட்டினாள். நான்கு பேர் பிறந்த ஊர், பெற்றோர் எல்லாம் தெரியும். ஐந்தாவது பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பதிவேடுகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது போதாதா? அன்றிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் மேரி ஜேன் கெல்லி. நவம்பர் 9 காலையில், 29 ஷில்லிங் வாடகைப் பாக்கி கேட்க வந்த ஆள், ஜன்னல் வழியே அவள் உடலைப் பார்த்தான். வயது சுமார் 25. முகம் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. அவளோடு ஒன்றரை வருஷம் வாழ்ந்த ஜோசப் பார்னெட் என்பவர் காதையும் கண்ணையும் வைத்துத்தான் அடையாளம் சொன்னார்.

அவளுடைய பூர்வீகமாக நம்மிடம் இருப்பதெல்லாம் பெரும்பாலும் விசாரணையில் பார்னெட் சொன்னதுதான். அதுவும் அவள் வாயால் கேட்டது. பிறந்தது அயர்லாந்தில் லிமெரிக். சிறு வயதிலேயே குடும்பம் வேல்ஸுக்குப் போனது. அப்பா ஜான் கெல்லி, இரும்பு ஆலையில் மேஸ்திரி. பதினாறு வயதில் டேவிஸ் என்ற சுரங்கத் தொழிலாளியோடு கல்யாணம். இரண்டு மூன்று வருஷத்தில் அவன் வெடி விபத்தில் செத்தான். பிறகு கார்டிஃப், லண்டன். ஒரு கனவான் பிரான்சுக்கு அழைத்துப் போனார், பிடிக்காமல் திரும்பிவிட்டாள்.

இவ்வளவு விவரம் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? எழுத்தர் கண்ணோடு பாருங்கள். அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864-ல். அவளுக்கு 25 வயது என்றால் பிறந்தது 1863 வாக்கில். கோயில் ஞானஸ்நானப் புத்தகம்தான் கதி. வேல்ஸில் எந்த மாவட்டம் என்று பார்னெட்டுக்கே நிச்சயமில்லை: கார்னார்வனா, கார்மார்தனா? ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. திருவள்ளூரா திருவாரூரா என்று தெரியாமல் ஆள் தேடுவது போல. கெல்லி என்ற பெயர் அயர்லாந்தில் தெருவுக்குத் தெரு. டேவிஸ் வேல்ஸில் அப்படியே. மக்கள்தொகைக் கணக்கு, கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் பலர் புரட்டிவிட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பதிவும் கிடைக்கவில்லை. அதனால் அவள் சொன்னது அத்தனையும் பொய் என்கிறவர்களும் உண்டு.

அந்த ஐவரில் எலிசபெத் ஸ்ட்ரைட் என்ற ஸ்வீடன்காரியும் கதை விட்டவள்தான். 1878-ல் 'பிரின்சஸ் ஆலிஸ்' கப்பல் மூழ்கியபோது கணவனும் பிள்ளைகளும் செத்ததாகச் சொல்லி வந்தாள். கணவர் இறந்ததோ 1884-ல். ஆனால் அவள் 1843-ல் பிறந்தது ஸ்வீடன் கோயில் புத்தகத்தில் இருக்கிறது. பொய் சொன்னவளுக்குப் பதிவு இருக்கிறது. அப்படியானால் பதிவு கிடைக்காததாலேயே இன்னொருத்தியைப் பொய்க்காரி என்று சொல்ல முடியுமா?

இதை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், பிரெஞ்சுக் காலத்துப் பதிவேட்டில் பிறப்புச் சான்று தேடி ஒரு மூதாட்டி வந்தார். கணவருடைய ராணுவப் பென்ஷனுக்குத் தேவைப்பட்டது. பெயர் சவேரியம்மாள். 'எஸ்' எழுத்தில் தேடினேன், இல்லை. பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். "தம்பி, நான் பொறந்தது நெசந்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறேழு மாதம் கழித்து வேறொருவருக்காகத் தேடும்போது அவர் கண்ணில் பட்டார், 'இக்ஸ்' எழுத்தில். பழைய குமாஸ்தா சவேரியாரின் பெயரை பிரெஞ்சு முறைப்படி எழுதியிருந்தார். பிரெஞ்சிலேயே படித்து வந்த எனக்கு அது தோன்றாமல் போனது. கொடுத்திருந்த முகவரிக்குப் போனேன். அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் எழுதிக் கொடுத்த 'பதிவு இல்லை' என்பதற்கு, நான் தேடிய இடத்தில் இல்லை என்பது மட்டும்தான் பொருள்.

கெல்லியை லெய்டன்ஸ்டோன் கத்தோலிக்கக் கல்லறையில் நவம்பர் 19 அன்று அடக்கம் செய்தார்கள். செலவை ஏற்றது ஒரு கோயில் பணியாளர். சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. இன்று அங்குள்ள கல்லும் சரியான இடத்தில் இல்லை. உடலைத் தோண்டி மரபணுச் சோதனை செய்யலாமா என்று ஆராய்ந்த லெஸ்டர் பல்கலைக்கழகத்தார், புதைத்த இடத்தைக் கண்டுபிடிப்பதே அரிது என்று 2017-ல் சொல்லிவிட்டார்கள்.

சவப்பெட்டித் தகட்டில் இருந்த பெயர் மேரி ஜேன் அல்ல, 'மரி ழானெத் கெல்லி'. பிரான்ஸ் போய் வந்தபின் அவளே வைத்துக்கொண்ட பெயர் என்பார்கள். பிரெஞ்சில் ழானெத்துக்கு இரண்டு 'என்' வரும்; அங்கே ஒன்றுதான் இருந்தது. பள்ளியில் அப்படி எழுதினால் எங்கள் வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பார். நான் திருத்த மாட்டேன். பெற்றோர் வைத்த பெயர் எதுவோ, அவள் விரும்பிய பெயர் அது.

பாட்டன் பாட்டி பதிவைத் தேடி அலுத்துப்போன நண்பர்கள் இருந்தால் ஒரு வார்த்தை: 'இக்ஸ்' எழுத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.