தாத்தா வேட்டியில் வந்தால் கப்பல் ரெஸ்டாரன்ட்டில் விடுவார்களா? - ஒரு தாம்பரம் குடும்பத்தின் கடல் பயணம்!

மேற்குத் தாம்பரத்தில் அந்த வீட்டு ஹாலில் மூன்று சூட்கேஸ்கள் திறந்து கிடந்தன. பட்டுப்புடவை, சுடிதார், பேத்தியின் ஃபிராக், பருப்புப்பொடி, ஊறுகாய் என இரண்டு பெட்டிகள் நிறைந்துவிட்டன. சண்டை மூன்றாவது பெட்டியில்தான். அதில் நான்கு வெள்ளை வேட்டிகளும் நான்கு சட்டைகளும் இருந்தன. பேன்ட் ஒன்றுகூட இல்லை.

பெட்டியின் சொந்தக்காரர், தாம்பரம் மின்ரயில் பணிமனையில் 34 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பணியில் இருந்தவரை சீருடைதான். ஓய்வுபெற்ற அன்று மாலை கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்தவர், "இனிமே நான் என்ன உடுத்தணும்னு யாரும் சொல்ல வேண்டாம்" என்றார். அன்று வேட்டிக்கு மாறியவர்தான். கல்யாணம், காய்கறி மார்க்கெட், பேங்க் என எல்லா இடத்துக்கும் அதே வேட்டி.

அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு மகன் கொடுத்த பரிசு, சிங்கப்பூரில் இருந்து பினாங்கு போய்த் திரும்பும் 3 இரவுக் கப்பல் பயணம். அதில் ஓர் இரவு, கப்பலின் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்டில் அப்பா, அம்மாவுக்கு விருந்து. டேபிள்கூட புக் செய்தாகிவிட்டது. பிறகுதான் மகன் மொபைலில் அந்த விதிமுறைகளைப் படித்தார். 'ஆண்கள்: முழுநீளப் பேன்ட், காலர் வைத்த சட்டை, மூடிய காலணி. அரை டிரவுசர், கையில்லாத பனியன், ரப்பர் செருப்புக்கு அனுமதி இல்லை.'

"மாமா, குரோம்பேட்டையில ஒரு பேன்ட் வாங்கிடலாம். கோட்டுகூட வாடகைக்குக் கிடைக்குது" என்றார் மருமகள்.

"நீங்க எல்லாரும் போய்ச் சாப்பிடுங்கம்மா. நான் அந்த பஃபேலயே சாப்பிட்டுக்கறேன்" என்று பெட்டியை மூடினார் அவர்.

சமையலறையில் இருந்து பதில் வந்தது. "ஏங்க, அறுபதாம் கல்யாண விருந்துக்கு நான் மட்டும் தனியா போய் உக்காரவா?"

கடலுக்குக் கிளம்பும் புறநகர்

உல்லாசக் கப்பல் என்றால் சினிமாவில் பார்ப்பது என்றிருந்த காலம் போய்விட்டது. 2022 ஜூன் 4 அன்று, கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் ஜூனில் அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்கும் சென்றது. இன்னொரு பக்கம், சிங்கப்பூர் போகும் குடும்பங்கள் சுற்றுலாவோடு இரண்டு, மூன்று இரவுக் கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்கின்றன.

டிக்கெட், விசா, டாலர் பற்றியெல்லாம் டிராவல் ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். சாப்பிடப் போகும்போது என்ன உடுத்துவது என்பதை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் கப்பலில் ஏறிய பிறகு, அதுவும் ரெஸ்டாரன்ட் வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவருகிறது.

சாப்பாட்டுக்கு ஏன் இத்தனை விதி?

பெரிய கப்பல்களில் சாப்பாடு மூன்று வகை. முதலாவது, பஃபே. எந்நேரமும் கூட்டம். அரை டிரவுசர், டி-ஷர்ட் போதும். நீச்சல் குளத்தில் இருந்து ஈரத்துணியோடு வரக்கூடாது, அவ்வளவுதான். இரண்டாவது, பெரிய டைனிங் ஹால். இரவில் கொஞ்சம் நல்ல உடையாக எதிர்பார்ப்பார்கள். இவை இரண்டுக்கும் பொதுவாக டிக்கெட் பணத்திலேயே கணக்கு முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட். இத்தாலி உணவு, ஜப்பான் உணவு, கடல் உணவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சின்ன அறை. தனிக் கட்டணம், முன்பதிவு அவசியம். மங்கலான வெளிச்சம், வெள்ளை மேஜைவிரிப்பு. உடை விதி கறாராக இருப்பதும் இங்குதான். 'ஸ்மார்ட் கேஷுவல்' என்ற வார்த்தையைப் பெரும்பாலான கப்பல்களில் பார்க்கலாம். நம் ஊர் பாஷையில் சொன்னால், ரிசப்ஷனுக்குப் போகிற மாதிரி. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வேண்டாம், காய்கறி வாங்கப் போகிற மாதிரியும் வேண்டாம்.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி இல்லை. நார்வேஜியன் நிறுவனம் 2000-லேயே 'ஃபிரீஸ்டைல்' என்று பெயர் வைத்துக் கட்டாயங்களைத் தளர்த்தியது. 2021-ல் பயணிகளோடு ஓடத் தொடங்கிய விர்ஜின் வாயேஜஸ், உடை விதியே கிடையாது என்கிறது. அந்தப் பக்கம், 'குயின் மேரி 2' கப்பலை நடத்தும் குனார்ட் நிறுவனத்தில் 'காலா' இரவுகளில் கோட்டு, டை எல்லாம் வேண்டும். ஆனால், அதே குனார்ட் விதியில் இன்னொன்றும் இருக்கிறது. கோட்டுக்குப் பதிலாக, அவரவர் நாட்டின் பாரம்பரிய விழா உடையிலும் வரலாம்!

அறைக்குள்ளேயே சாப்பிட்ட இளைஞர்

'நான் தனியாகச் சாப்பிட்டுக்கொள்கிறேன்' என்று கப்பலில் ஒதுங்கிய முதல் இந்தியர் இந்தத் தாம்பரம் தாத்தா இல்லை. 1888 செப்டம்பரில் பம்பாயில் இருந்து லண்டனுக்குக் கப்பலேறிய 18 வயது மோகன்தாஸ் காந்தியும் அதைத்தான் செய்தார். கத்தி, முட்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் கூச்சம். அதனால் சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், ஊரில் இருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் தன் அறையிலேயே சாப்பிட்டார். இங்கிலாந்தில் இறங்கும்போது வெள்ளை நிற ஃபிளானல் உடை அணிந்திருந்தார். இலையுதிர்காலத்தில் அந்தக் கரையில் வெள்ளை உடையில் இருந்தது அவர் ஒருவர்தான். அந்தக் கூச்சத்தை 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார்.

அதே காந்திதான் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக 'ராஜ்புதானா' கப்பலில் லண்டன் போனபோதும் அதே உடைதான். பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்ததும் அப்படியேதான். தாம்பரத்துக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1931-ல்தான்.

சேப்பாக்கத்தில் நடந்தது

வேட்டிக்குக் கதவு மூடப்படுவது கடல் கடந்த ஊர்களில் மட்டும் நடப்பது இல்லை. 2014 ஜூலை 11 அன்று, சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வேட்டி சட்டையில் போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து.அரிபரந்தாமன், கிளப்பின் உடை விதியைக் காட்டி உள்ளே அனுமதிக்கப்படவில்லை. தமிழ்நாடே கொதித்தது. சட்டமன்றத்திலும் விவகாரம் எதிரொலித்தது.

ஒரு மாதத்திலேயே, ஆகஸ்ட் 2014-ல், ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. கண்ணியமாக வேட்டியோ, மற்ற இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரை, உடையை மட்டும் காரணம் காட்டிப் பொது இடங்களில் தடுக்கக்கூடாது. கிளப், ஹோட்டல், தியேட்டர், ஷாப்பிங் மால் எல்லாம் இதில் அடக்கம். மீறினால் உரிமம் ரத்தாகலாம். ஒரு வருடம் வரை சிறையும், 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால், இது தமிழ்நாட்டின் சட்டம். சிங்கப்பூரில் கிளம்பி மலேசியாவுக்குப் போகும் கப்பலுக்குள் இது செல்லாது. நடுக்கடலில் ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு போகிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான். சாப்பாட்டு அறை வாசலில் பேசுவது, டிக்கெட் வாங்கும்போது நாம் படிக்காமலே 'ஓகே' அழுத்திய நிபந்தனைகள்தான். எனவே, வாசலில் நின்று சட்டம் பேசுவதைவிட, வீட்டில் இருந்தே கேட்டுவிடுவது நல்லது.

ஒரே ஒரு மின்னஞ்சல்

தாம்பரம் வீட்டில் அதைத்தான் செய்தார்கள். பேத்திதான் யோசனை சொன்னாள். "அப்பா, தாத்தாவோட ஃபோட்டோ அனுப்பிக் கேட்டுடலாமே?" அறுபதாம் கல்யாணத்தில் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக எடுத்த படம். புக்கிங் எண், விருந்து தேதி, ரெஸ்டாரன்ட் பெயர் எழுதி, 'இது எங்கள் பாரம்பரிய உடை. இதில் வரலாமா?' என்று கேட்டு மகன் அனுப்பினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பாரம்பரிய உடையில் வரலாம், காலணி மட்டும் மூடியதாக இருக்கட்டும் என்று இரண்டே வரி. அந்தப் பதிலை பிரின்ட் எடுத்து, பாஸ்போர்ட் கவரில் வைத்துக்கொண்டார்கள்.

"ஷூவா?" என்று முகம் சுளித்தவர், அன்று இரவே பரணில் இருந்து பழைய டியூட்டி ஷூவை இறக்கிப் பாலிஷ் போட்டார். பழைய காலத்து வக்கீல்களும் ஹெட்மாஸ்டர்களும் பஞ்சகச்சத்தோடு ஷூ போட்டவர்கள்தானே!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே வீட்டில் பாட்டியின் பட்டுப்புடவையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஸ்மார்ட் கேஷுவலோ, கோட்டு சூட்டு இரவோ, புடவைக்கு எந்தக் கப்பலிலும் கேள்வி இருப்பதில்லை. சுடிதாரும் அப்படித்தான். சந்தேகம் வருவதெல்லாம் ஆண்களின் உடையில்தான்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

* முன்பே கேளுங்கள்: வேட்டி, ஜிப்பா, குர்தா எதுவானாலும், புக் செய்த ரெஸ்டாரன்ட்டின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். ஒரே கப்பலில் ஒவ்வொரு ரெஸ்டாரன்ட்டுக்கும் விதி மாறலாம்.

* மடித்துக் கட்டாதீர்கள்: முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அரை டிரவுசர்தான். கைலி, அறையோடு நிற்கட்டும்.

* காற்றை மறக்காதீர்கள்: மேல்தளத்தில் கடல் காற்று வேகமாக அடிக்கும். பாக்கெட்டும் ஒட்டும் பட்டையும் வைத்த 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி அல்லது இடுப்பில் பெல்ட் இருந்தால் நிம்மதி.

* இஸ்திரிப் பெட்டி வேண்டாம்: தீ விபத்து பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அதற்கு அனுமதி இல்லை. தெருமுனை இஸ்திரி வண்டியிலேயே தேய்த்து, மடிப்புக் கலையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

* முதல் இரவு உடை கைப்பையில்: கப்பலில் ஏறும்போது ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம். அன்றே ரெஸ்டாரன்ட் புக் செய்திருந்தால், அதற்கான உடை கையில் இருக்கட்டும்.

* சால்வை ஒன்று: சாப்பாட்டு அறைகளில் ஏசி அதிகமாக இருக்கும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தேவைப்படும்.

* ஆண்களுக்குப் பொதுவாக: ஒரு நல்ல பேன்ட், காலர் சட்டை இரண்டு, மூடிய ஷூ ஒரு ஜோடி. 3 இரவுக்கு இது தாராளம். கிழிசல் ஜீன்ஸும் தொப்பியும் பல ரெஸ்டாரன்ட்டுகளில் மறுக்கப்படும்.

அந்த இரவு

பயண நாளன்று, கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் தாத்தா. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நான்காவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே விமான நிலையம். ரயிலின் ஓசையைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டவர், "வண்டி நல்லா இருக்கு" என்று தலையாட்டினார்.

கப்பலில் இரண்டாவது இரவு விருந்து. ரெஸ்டாரன்ட் இருந்த தளத்தில் லிஃப்ட் திறந்ததும், மகனின் கை பாக்கெட்டில் இருந்த பிரின்ட் காகிதத்தைத் தேடியது. பாட்டி தன் முந்தானையைச் சரிசெய்தார். பிறகு கணவரின் தோளில் இருந்த துண்டையும் சரிசெய்தார். தாத்தா யாரையும் பார்க்காமல் நேராக நடந்தார்.

வாசலில் இருந்த பெண் சிரித்தார். ரூம் நம்பர் கேட்டார். லிஸ்ட்டில் பார்த்து டிக் செய்தார். "இந்தப் பக்கம் வாங்க" என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். காகிதம் வெளியே வரவே இல்லை.

காளான் சூப்பும் பாஸ்தாவும் வந்தன. "உப்பு கம்மி" என்றார் பாட்டி. கைப்பையில் இருந்து பருப்புப்பொடி வெளியே வந்ததும் மருமகள் அவசரமாகத் தடுத்தார். கடைசியில், சின்ன கேக்கில் ஒற்றை மெழுகுவத்தி ஏற்றி ஊழியர்கள் பாடினார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் கை தட்டினார்கள்.

பேத்தியின் நாப்கின் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள், மேஜைக்கு அடியில் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் நிமிர்ந்தாள். தாத்தா இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பாகிட்ட சொல்லாதே கண்ணு" என்றார் அவர், பாஸ்தாவை முட்கரண்டியில் சுற்றியபடி.