காடு காத்த விசுவாசம்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே செல்வோர் மடுச் சந்தியில் வடக்கே திரும்பினால், பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த வன்னிக் காட்டினூடே மருதமடுவை அடைவர். யூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய திருநாள்களில் மரநிழல்தோறும் கூடாரங்கள் எழும். தமிழரும் சிங்களவரும் அன்னை மரியாளை வணங்க வருவர். பாம்புக்கடிக்கு மருந்தென நம்பி மடு மண்ணைப் பேணுவோரில் சைவரும் பலர்.

இத்துணைப் பெரிய திருத்தலம் காட்டினுள் அமைந்தது ஏன்? அதன் விடை துன்ப வரலாறொன்றில் உளது.

1544இல் மன்னாரில் கிறித்தவரான ஏறக்குறைய 600 பேரைச் சங்கிலி மன்னன் வாளுக்கு இரையாக்கினான் என்பர். அவன் சைவன் என்பதை நாம் மறைத்தல் தகாது. பின்னர்ப் போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கந்தன் ஆலயத்தை இடித்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். அதிகாரம் கைமாறுந்தோறும் அடிபட்டவர் மாறினர், துன்பம் மாறவில்லை.

1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பத்தினர் அன்னையின் திருச்சொரூபத்துடன் இக்காட்டிற் புகுந்தனர் என்பது மரபு. அக்காலத்தில் பூசை செய்யக் குருவில்லை. 1687இல் கோவையினின்றும் அன்று, கோவாவினின்றும் மாறுவேடத்தில் யோசேவ் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தபோது, ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருவின்றியும் செபத்தைக் கைவிடாத மக்களைக் கண்டார். 2015 சனவரி 14இல் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்தார்.

அடைக்கலந் தந்த காட்டையும் போர் விட்டுவைக்கவில்லை. 1999 நவம்பரில் ஆலயத்திற் புகலிருந்த அகதிகள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஏப்பிரலில் குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டேகினர்; ஓகஸ்டில் அது மீண்டது. மக்களும் மீண்டு வந்தனர்.

வழிபட்டவரைத் துன்பம் அணுகாது என்று மடு கூறவில்லை. விசுவாசம் என்னுஞ் சொல்லுக்கு நம் மொழியில் நம்பிக்கை என்றும், நன்றி மறவாமை என்றும் பொருளுண்டு. கேட்ட வரங் கிட்டாதபோதும் கைவிடாது நிற்பதே அவ்விரண்டும் ஒன்றாகும் இடம். வேறு சமயத்தினராயினும், மாணவர்காள், அதனை வணங்குதல் நமக்கும் தகும்.